மழலைக் குறிப்பேடு

எங்கள் வீட்டு அலுமாரியில் நீல மட்டையிட்ட கொப்பியொன்று இருக்கின்றது. அதன் முதற்பக்கத்தில், “2018 சனவரி 17. அதிகாலை பேத்தி பிறந்தாள். அழுகை உரத்தது” என்று என் கையெழுத்திலே ஒரு வரி உண்டு. அன்று தொடங்கி, அக்குழந்தை வாய் திறந்து எழுப்பிய ஒலிகளையெல்லாம் நாளும் கிழமையும் இட்டுக் குறித்து வந்தேன். அந்தக் கொப்பியைத்தான் இன்று வாசகர் முன் விரித்து வைக்கப் போகின்றேன். அதில் எழுதியவற்றைக் காட்டிலும், எழுதியும் நான் வாசிக்கத் தவறியதே பெரிது என்பதனை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பிறந்த ஊர் கொண்டச்சி. மன்னார்ப் பெருநிலக் கரையில், சிலாவத்துறைக்கு அண்மையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் மரமுந்திரிகைத் தோட்டமுமாகக் கிடக்கும் சிற்றூர் அது. இன்று வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய பெயராயினும், ஒரு காலத்தில் முத்து விரும்பிய நாடுகளெல்லாம் அறிந்த பெயர். 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூலெழுதிய பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, முத்துக்குளிப்பு நாள்களில் கொண்டச்சிக் குடாவிலே திரண்ட பல நாட்டுக் கூட்டத்தை வியந்து எழுதியிருக்கின்றார். நீரடியிலிருந்து மேலெழுந்த சுழியோடிகளின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீர் வழியும், சில வேளை இரத்தமும் வழியும் என்று அந்நூல் கூறுகின்றது. காது என்ற சொல் இங்கே வந்தது தற்செயலேயாயினும், வாசகர் அதனை நினைவில் வைத்துக்கொள்வாராக.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் ஊரும் ஒரே நாளில் வெறிச்சோடியது. என் மகள் அப்போது எட்டு மாதக் குழந்தை. புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டிலொன்றில் அவள் தவழ்ந்தாள், அங்கேயே நடந்தாள், அங்கேயே பேசினாள். பாலுக்கு வழியில்லை, படுக்கைக்குப் பாயில்லை. ஆனால் பேச்சுக்குக் குறைவே இருக்கவில்லை. ஒரு தட்டி மறைவுக்கு அப்பால் ஒரு குடும்பம், அதற்கு அப்பால் இன்னொன்று. அத்தனை வாய்களுக்கு நடுவே வளர்ந்த குழந்தை, ஒரு வயது நிரம்புமுன்னே “உம்மா” என்றாள். இரண்டு வயதில் அயல் கொட்டிற் சண்டைகளையெல்லாம் நடித்துக் காட்டினாள். குழந்தைக்குப் பேச்சு எப்படியும் வந்துவிடும், நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை என் மனத்தில் வேரூன்றியது அந்தக் கொட்டிலிலேதான். அந்த நம்பிக்கை பின்னால் எனக்குச் செய்த தீங்கைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகின்றேன்.

2009க்குப் பின்னர் ஒவ்வொருவராக ஊர் திரும்பினோம். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, பழைய அத்திவாரத்தின்மேல் புது வீடு எழுப்பினோம். என் மகளுக்குப் பிறந்த முதற் குழந்தைதான் மேலே சொன்ன பேத்தி. ஓய்வுபெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமல்லவா? ஆசிரிய கலாசாலையில் கற்ற உளநூற் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, குழந்தையின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டேன்.

கொப்பி எழுதும் எண்ணம் என் சொந்தச் சரக்கன்று. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த டார்வின், 1839இல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி இத்தகைய நாட்குறிப்பொன்றை எழுதி வைத்து, 1877இல் அதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அக்குழந்தை சரியாக ஒரு வயதில், உணவைக் குறிக்க “மம்” என்றொரு சொல்லைத் தானே புனைந்துகொண்டதாம். நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறூட்டும்போது “மம்மு” என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். இதற்கு யாக்கோப்சன் என்ற மொழிநூலறிஞர் ஒரு விளக்கம் தந்தார். இதழ்களை மூடித் திறந்தாலே பிறப்பவை ம, ப போன்ற ஒலிகள். குழந்தையின் வாய்க்கு மிக எளியவை அவையே. ஆகவேதான் உலக மொழிகள் பலவற்றிலும் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் அவ்வொலிகளால் அமைந்துள்ளன. அம்மா என்றாலும் உம்மா என்றாலும், அப்பா என்றாலும் வாப்பா என்றாலும் இதழ் மூடித்தான் ஆக வேண்டும். இதை நான் மிக இரசித்து, கொப்பியின் ஓரத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கின்றேன். இந்த அழகான உண்மையே பின்னர் என் கண்ணை மறைத்தது.

கருவிலிருக்கும்போதே குழந்தைக்குக் கேட்கத் தொடங்கிவிடுகின்றது. பிறந்து மூன்று நாள் ஆகாத சிசுக்கள்கூட அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்புகின்றன என்று 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பரும் பைஃபரும் பரிசோதித்துக் காட்டினர். இரண்டு மாதமளவில் “ஊ, ஆ” என்று கூவும். ஆறு முதல் பத்து மாதத்துக்குள் “பபப, மமம, ததத” என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளை அடுக்கும். ஏறக்குறைய ஒரு வயதில் முதற்சொல். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் “உம்மா வா”, “பால் தா” என்று இரு சொற்கள் கூடும்.

நம் புலவர்கள் இவற்றையெல்லாம் அறியாதவர்களல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக்கி, மூன்றாம் மாதம் தொட்டு இருபத்தொன்றாம் மாதம் வரை வகுத்து வைத்தார்கள். தாலப் பருவம் என்பதிலுள்ள தால் என்ற சொல்லுக்கு நாக்கு என்பது பொருள். தாலாட்டு என்பது தாய் தன் நாவை ஆட்டுவது. அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைச் சுட்டி, குழந்தையோடு விளையாட வாவென அதனை அழைக்கின்றாள். இக்காலத்து உளநூலார் கூட்டுக் கவனம் என்று ஒன்றைப் பெரிதாகப் பேசுகின்றனர். ஒருவர் நோக்கும் பொருளை மற்றவரும் நோக்குவதும், அப்படி நோக்குகின்றோம் என்பதை இருவரும் அறிந்திருப்பதுமே அது. 1975இல் ஸ்கைஃப், புரூனர் என்பார் இதனை ஆராய்ந்து எழுதினர். சொல்லுக்குப் பொருள் பிறப்பது அந்த இடத்திலேதான். நிலவைக் காட்டிச் சோறூட்டிய நம் தாய்மார் நெடுங்காலமாகச் செய்துவந்தது வேறென்ன?

இனிக் கொப்பிக்கு வருவோம்.

“2018 மார்ச் 20. ஊ என்கின்றாள்.” சரி. “யூன் 11. வாய்விட்டுச் சிரிக்கின்றாள், பல தினுசாகக் கூவுகின்றாள்.” சரி. “நவம்பர் 25. பபப, ததத என்னும் அடுக்கு இன்னும் கேட்கவில்லை. குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு உண்டு.” இந்த வரியை எழுதிவிட்டு, தேநீர் குடிக்கப் போனேன்.

“2019 மார்ச் 3. உம்மா என்றாள்!” ஆச்சரியக்குறி மூன்று போட்டிருந்தேன். அடுத்த மாதம் “வாப்பா”வும் வந்தது. முற்றத்தில் நிலா எழும்போது விரல் நீட்டிக் காட்டினாள். என் கவலை எல்லாம் தீர்ந்தது. சுகாதாரப் பகுதியினர் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு கொடுக்கின்றார்கள். தடுப்பூசி, நிறை, உயரம் என்பவற்றோடு, குழந்தை பார்க்கின்றதா, ஒலி கேட்டால் திரும்புகின்றதா என்ற வினாக்களும் அதில் அச்சிடப்பட்டுள்ளன. மகள் படிக்கச் சோம்பி என்னிடம் நீட்ட, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செவி பற்றிய வினாக்களுக்கெல்லாம் “ஆம்” என்று என் பேனாவாலேயே அடையாளமிட்டேன்.

முதலில் ஐயுற்றவள் என் மனைவி. குழந்தைக்கு ஒன்றரை வயதாயிருந்தபோது, ஒரு மாலை அடுப்படியிலிருந்து வந்து, “இஞ்சேருங்க, புள்ளைக்குக் காது கேக்கல்ல போல” என்றாள். பின்னாலிருந்து வளையலைக் குலுக்கினால் திரும்புவதில்லையாம். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லையாம். தரையை மிதித்தால் உடனே திரும்புகின்றாளாம். எனக்குச் சினம் வந்தது. இடி இடித்தால் குழந்தை அழவில்லையா? உழவு இயந்திரம் வந்தால் வாசலுக்கு ஓடவில்லையா? “உம்மா, வாப்பா” என்று சொல்லவில்லையா? சொல்லிக்கொண்டே குழந்தையின் பின்னே போய் ஓங்கிக் கைதட்டினேன். அவள் திரும்பினாள். “பார்த்தாயா?” என்றேன். மனைவி மறுமொழி பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிரவு கொப்பியில் அவள் சொன்னதை எழுதவேயில்லை. கைதட்டியதை மட்டும் எழுதினேன்.

குழந்தை சும்மா இருக்கவில்லை. வாய்ச்சொல் வளராத அக்காலத்தில் அவள் கைச்சொற்களைப் படைக்கத் தொடங்கினாள். இரு விரலைத் தலையில் வைத்தால் ஆடு. உள்ளங்கையை அலைபோல் அசைத்தால் கடல். இரு கைகளாலும் கண்ணைச் சுற்றி வட்டமிட்டால் அது நான். (எங்கள் வீட்டில் பாட்டனாரை அப்பா என்றழைப்பது வழக்கம், அந்தச் சொல் அவளுக்கு வர நெடுநாளாயிற்று.) மரமுந்திரிப் பழத்தின் நுனியிலுள்ள கொட்டையைத் திருகிப் பிடுங்குவதைத் தோட்டத்திலே கண்டிருக்கின்றாள், ஆகவே விரல்களைக் கூட்டித் திருகினால் கொட்டை. இரண்டு வயதில் இவற்றைக் கோக்கவும் செய்தாள். ஆட்டைக் காட்டி, பிறகு கையை வெளியே வீசினால், ஆடு போய்விட்டது என்று பொருள். திருகல் செய்து, பிறகு வாயைத் தொட்டால், கொட்டை தின்ன வேண்டும் என்று பொருள். பொருள் முன்னே, செயல் பின்னே. இந்த ஒழுங்கு பெரும்பாலும் மாறுவதில்லை. இதனை அவளுக்குக் கற்பித்தவர் எவருமில்லை. எங்கள் ஊரில் சைகை மொழி அறிந்தவர் ஒருவருமில்லை.

பின்னாளில் அறிந்தேன், சூசன் கோல்டின் மெடோ என்ற அமெரிக்க அம்மையார் இதனையே ஆய்வாகச் செய்திருக்கின்றார் என்று. செவிப்புலன் இல்லாது பிறந்து, சைகை மொழியும் அறியாது, பேசும் பெற்றோரிடையே வளரும் குழந்தைகள் தாமே வீட்டுச் சைகைகளை ஆக்கி, அவற்றை ஓர் ஒழுங்கிலே கோக்கின்றனர் என்று 1977இல் ஃபெல்ட்மன் என்பவருடன் எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்கக் குழந்தைகளையும் தைவான் குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, தாய்மாரின் சைகைகள் வேறுபட, குழந்தைகளின் ஒழுங்கு பெரிதும் ஒத்திருந்தது. 1957இல் ஸ்கின்னர், பேச்சு என்பது பழக்கமும் பரிசும் சேர்ந்து உண்டாக்கும் நடத்தை என்றார். 1959இல் சோம்ஸ்கி அதனை மறுத்து, மொழியை ஆக்கும் திறன் மனித மனத்தில் இயல்பாகவே உண்டென்றார். வழக்கு இன்னும் முடியவில்லை. இருப்பினும், எங்கள் வீட்டு முற்றத்திலே கண்டதை வைத்துப் பார்த்தால், எனக்கு இரண்டாமவர் பக்கமே சாயத் தோன்றுகின்றது.

ஆனால் அப்போது நான் என்ன செய்தேன்? “பிள்ளை கெட்டிக்காரி, கையாலேயே எல்லாம் சொல்கின்றாள், ஆகவேதான் வாயால் சொல்லச் சோம்புகின்றாள்” என்று எழுதினேன்! ஊரிலும் அதையே சொன்னார்கள். இன்னாருடைய மகன் நாலு வயதில்தான் பேசினான், இப்போது வாய் மூடுவதில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் எங்கும் மலிவாகக் கிடைத்தது. ஒருவழியாக, மகள் அழுது பிடிவாதம் பிடிக்க, 2020 மார்ச்சில் கொழும்புக்குப் போவதென முடிவாயிற்று. அந்த மாதமே கொரோனாத் தொற்றினால் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. மேலும் ஐந்து மாதங்கள் அப்படியே கழிந்தன.

ஓகஸ்ட் மாதத்தில் மதவாச்சி வழியாகப் பேருந்தேறிப் போய்ச் சேர்ந்தோம். ஒலிபுகா அறையொன்றில் குழந்தையைத் தாயின் மடியில் இருத்திப் பரிசோதித்தார்கள். முடிவு: இரு காதிலும் ஏறக்குறைய 65 டெசிபலுக்குக் குறைந்த ஒலி கேட்பதில்லை. நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். இடியும் இயந்திரமும் கைதட்டலும் அந்த வரம்புக்கு மேற்பட்டவை. தாலாட்டு வரம்புக்குக் கீழ்ப்பட்டது.

பரிசோதித்த பெண்மணி இளவயதினர், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். “எப்போதிலிருந்து ஐயம்?” என்று கேட்டார். நான் பெருமையோடு கொண்டுபோயிருந்த கொப்பியை நீட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டி, 2018 நவம்பர் 25 என்ற வரியிலே விரலை வைத்து நிறுத்தினார். கூவுதல் செவிப்புலன் குன்றிய குழந்தையிடமும் வரும், அசையடுக்குத்தான் பிந்தும். பத்து மாதத்தில் அது வராவிட்டால் காதைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். “அப்படியானால் உம்மா, வாப்பா எப்படி வந்தது?” என்று கேட்டேன். அவர் தம் இதழ்களை மூடித் திறந்து காட்டினார். ஒலியின்றியே “உம்மா” என்றார். எனக்குப் புரிந்தது. இதழொலிகள் கண்ணால் காணத்தக்கவை. என் பேத்தி அச்சொற்களைக் காதால் கேட்டதைவிட, உம்மாவின் முகத்திலே வாசித்ததே அதிகம். யாக்கோப்சனை அடிக்கோடிட்டுப் படித்தவனுக்கு இது தோன்றவில்லை.

இங்கே மாணவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1984இல் கனடாவில் வேர்க்கரும் டீசும் ஒரு சோதனை நடத்தினர். இந்தி மொழியில் நம் ட, த போன்ற இரு ஒலிகள் வேறு வேறு. ஆங்கிலம் பேசும் பெரியோர்க்கு அவ்வேறுபாடு எளிதில் பிடிபடாது. ஆனால் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் அதனை அறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவை அத்திறனை இழந்திருந்தன. பிறந்த குழந்தையின் செவி எம்மொழிக்கும் திறந்திருக்கின்றது. ஓராண்டுக்குள்ளேயே தன் வீட்டு மொழிக்கு இசைந்து மற்றவற்றுக்கு மெல்ல மூடுகின்றது. வாய் ஒரு சொல்லும் பேசாத அந்த முதலாண்டில் நடக்கும் வேலை அவ்வளவு பெரிது. அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் என் பேத்தி ஒலியின்றிக் கழித்தாள். குறையை ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து உதவி பெற்ற குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டோரைவிட மொழியில் மேம்பட்டிருந்தனர் என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் யோஷினாகா இட்டானோ என்பவர் 1998இல் காட்டினார். அதனால்தான் பிறந்த ஒரு மாதத்துள் செவிச்சோதனை, மூன்று மாதத்துள் நோயறிதல், ஆறு மாதத்துள் சிகிச்சை என்று வகுத்திருக்கின்றார்கள்.

ஒக்டோபரில் கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. முதல் நாள் சொற்கள் ஒன்றும் உதிரவில்லை. கதைகளில்தான் அப்படி நடக்கும். கோழி கொக்கரித்ததைக் கேட்டு மிரண்டு, கருவியைக் கழற்றி மணலில் எறிந்தாள். அதைத் தேடி ஒரு மணி நேரம் மண்ணைச் சலித்தோம். பிறகு மெல்ல மெல்லப் பழகினாள்.

பாடம் கற்பித்தவள் என் மனைவிதான். வெளிச்சம் தன் முகத்தில் விழுமாறு குழந்தையின் முன்னே அமர்வாள். மீன் அரிந்தால் மீன், தண்ணீர் வார்த்தால் தண்ணீர் என்று, கை செய்வதை வாய் சொல்லிக்கொண்டேயிருக்கும். குழந்தை கைச்சொல்லால் கேட்டால் அதைத் தடுக்கமாட்டாள். அதே கைச்சொல்லைத் தானும் செய்து, வாய்ச்சொல்லை அதன்மேல் வைப்பாள். 1896இல் பிறந்து 37 வயதில் மறைந்த வைகோட்ஸ்கி என்ற இரசிய அறிஞர், செவிப்புலன் குன்றிய குழந்தைகளையும் ஆராய்ந்தவர். குழந்தை தனியே செய்யக்கூடியதற்கும் பெரியோர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள வெளியிலேதான் கல்வி நடக்கின்றது என்றார் அவர். என் மனைவிக்கு அவர் பெயரை உச்சரிக்கவும் வராது.

அதே 1896இல் சுவிற்சர்லாந்தில் பிறந்த பியாஜேயையும் நான் விட்டுவிடவில்லை. பேத்திக்கு ஐந்து வயதானபோது, ஆறு கொட்டைகளை நெருக்கியும் ஆறு கொட்டைகளை அகல இட்டும் இரு வரிசை வைத்து, எதில் அதிகம் என்று கேட்டேன். நீண்ட வரிசையையே காட்டினாள். அவ்வயதுக் குழந்தைகள் பலரும் அப்படியே சொல்வர் என்று பியாஜே எழுதியிருக்கின்றார். எல்லாக் குழந்தைகளையும்போல அவளும் பிழைவிட்டதில் எனக்கு எல்லையில்லாத மகிழ்ச்சி. ல, ள, ழ மூன்றையும் அவள் குழப்புகின்றாள். அதில் ஊரோடு ஒத்தவள், நான் திருத்துவதில்லை.

செவிப்புலன் குன்றியோருக்கென இரத்மலானையிலும், தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியில் நவீல்ட் பாடசாலையும் உண்டு. அவ்விடங்களுக்கு அனுப்புவதா, ஊர்ப் பாடசாலையிலேயே விடுவதா என்று வீட்டிலே பெரிய வழக்கு நடந்தது. இப்போதைக்கு ஊர்ப் பாடசாலையில் முன்வாங்கில் அமர்கின்றாள். கூட்டத்தில் பலர் ஒன்றாகப் பேசினால் இன்னும் அவளுக்கு விளங்குவதில்லை. சில நாள் வீட்டுக்கு வந்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, கைச்சொற்களுக்கே திரும்பிவிடுகின்றாள். நாங்களும் அந்நேரத்தில் கையாலேயே பேசுகின்றோம்.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகின்றேன். ஒருநாள் கரைவாடியிலிருந்து நனைந்த பாவாடையோடு ஓடிவந்தவள், “நான் கடல்ல நில்லினேன்” என்றாள். ஓடினேன், பாடினேன், ஆடினேன் என்ற வாய்பாட்டில் தானே வார்த்த சொல் அது. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க அம்மையார், குழந்தைகள் ஒருபோதும் கேளாத பொய்ச்சொற்களைக் கொடுத்து, அவற்றுக்கும் இலக்கண விகுதி சேர்க்கின்றார்களா என்று சோதித்தார், சேர்த்தார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்பவர்க்கு இத்தகைய பிழை வராது. விதியை உள்ளே ஆக்கிக்கொண்டவர்க்கே வரும்.

“நிண்டேன் எண்டு சொல்லு மகள்” என்றாள் என் மனைவி. குழந்தை அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, இரு கைகளாலும் கண்ணைச் சுற்றி வட்டமிட்டு, “அப்பா, எழுதல்லியா?” என்றாள். கொப்பி அலுமாரியில் இருந்தது; எடுக்கப் போனேன்.